கட்சித் தேர்தல் விவாத மேடையில் ரிங்கிட்டையும் விலைவாசியையும் பேசுவது எப்படி?

கட்சித் தேர்தல் காலத்தில் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இரண்டு வேட்பாளர்களை ஒரே மேடையில் அமர்த்தி விவாதம் நடத்தினால், தலைப்பு எதுவாக இருந்தாலும் பேச்சு சற்று நேரத்தில் விலைவாசிக்கு வந்துவிடும். வெங்காய விலை, ரொட்டி சானாய் விலை, ரிங்கிட்டின் மதிப்பு, சிங்கப்பூர் டாலர் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். அவற்றில் பல ஏதேனும் ஒரு தவறான புரிதலின்மேல் எழுந்தவையாக இருக்கும். கிளை, தொகுதி, இளைஞர் பகுதி, மகளிர் பகுதி என எந்த நிலையில் நீங்கள் போட்டியிட்டாலும், அந்தக் கேள்விகளுக்கு எப்படித் தயாராவது, மேடையில் எப்படிப் பதில் சொல்வது என்பதைப் பற்றியது இந்த வழிகாட்டி.

இதில் நான் வலியுறுத்துவது ஒன்றே. வாக்களிக்க வந்திருக்கும் பேராளர் சொல்லும் குறை பெரும்பாலும் உண்மையானது. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தவறானது. இரண்டையும் சேர்த்து மறுப்பவர் மண்டபத்தின் கண்ணுக்குத் திமிர் பிடித்தவராகத் தெரிவார். இரண்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்பவர், பதவிக்கு வந்தபின் தாம் கொடுத்த வாக்கில் தாமே சிக்கிக்கொள்வார். குறையை மனமார ஏற்று, காரணத்தை மட்டும் பொறுமையாகத் திருத்தத் தெரிந்தவரே விவாதத்திலும் அதற்குப் பின்னும் நிற்பார்.

எதிரே இருப்பவரும் நம்மவர்

பொதுத்தேர்தல் மேடையில் விலையேற்றத்துக்கு எதிர்த்தரப்பின் ஆட்சியைக் காரணம் காட்டிவிட்டு இறங்கிவிடலாம். உட்கட்சி விவாதத்தில் அந்த வசதி கிடையாது. எதிரே அமர்ந்திருப்பவரும் நீங்களும் ஒரே கொள்கை அறிக்கையின் கீழ் நிற்கிறீர்கள். கட்சி ஆட்சியில் பங்கு வகித்தால், விலையேற்றம் இருவருக்கும் பொதுவான சுமை. ஆகவே யார் யாரை அதிகம் தாக்கினார் என்பதைவிட, வெளியே போய்க் கட்சிக்காகப் பேச யாரை நம்பி அனுப்பலாம் என்பதைத்தான் பேராளர்கள் எடை போடுகிறார்கள்.

அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்களில் கோடிக்கணக்கானோர் வாக்களிக்கிறார்கள். நம் நாட்டில் சில கட்சிகளில் பேராளர்களும், சில கட்சிகளில் சில பதவிகளுக்கு உறுப்பினர்கள் நேரடியாகவும் வாக்களிக்கிறார்கள். அளவு வேறாக இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான். 1980ஆம் ஆண்டு குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில், ரோனல்ட் ரேகனின் வரிக் குறைப்புத் திட்டத்தை ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் ‘வூடூ பொருளாதாரம்’ (மாந்திரீகப் பொருளாதாரம்) என்று கேலி செய்தார். சில மாதங்களில் அதே ரேகனின் துணை அதிபர் வேட்பாளராக அவர் நிற்க நேர்ந்தது. அந்தச் சொல்லை எதிர்க்கட்சியினர் எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் இடைத்தேர்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது உங்கள் வாயிலிருந்தே எதிரணியின் சுவரொட்டிக்கு வாசகம் கிடைத்துவிடக் கூடாது.

இதைத் தவிர்ப்பதற்கான வழி எளியது. ஆளை விட்டுவிட்டு கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். “சகோதரருக்குப் பொருளாதாரம் தெரியாது” என்பதற்குப் பதிலாக, “ரிங்கிட் உயர்ந்தால் எல்லா விலையும் இறங்கும் என்று சொல்லப்பட்டது, அது ஏன் நடப்பதில்லை என்பதைச் சொல்கிறேன்” என்று தொடங்குங்கள். எதிரே இருப்பவர் டத்தோ பட்டம் பெற்றவராக இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டத்தோடு அழைக்க வேண்டும். அதை ஒருமுறை விட்டுவிட்டால், நீங்கள் சொன்ன பொருளாதாரம் எதுவும் மண்டபத்தின் பாதிப் பேருடைய காதில் ஏறாது.

விலை வேறு, விலை ஏறும் வேகம் வேறு

விலை ஏறும் வேகத்தைத்தான் பண வீக்கம் என்கிறோம். அதைப் பற்றிய குழப்பங்களில் இதுவே பெரியது. மேடைக்கு வரும் மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. நாட்டின் பண வீக்கம் 2022இல் 3.3 விழுக்காடாகவும், 2023இல் 2.5 விழுக்காடாகவும், 2024இல் 1.8 விழுக்காடாகவும் இருந்ததாகப் புள்ளிவிவரத் துறை அறிவித்தது. இதைப் பார்த்துவிட்டு ஒரு வேட்பாளர், விலைவாசி குறைந்துவிட்டது என்று பெருமைப்படுவார். அப்படியென்றால் கடையில் ஏன் குறையவில்லை என்று மற்றவர் கேட்பார், மண்டபம் கைதட்டும். இருவருமே தவறான இடத்தில் நிற்கிறார்கள். 2021இல் 100 ரிங்கிட்டுக்கு வாங்கிய அதே சாமான்களை 2022இல் வாங்க 103 ரிங்கிட் 30 சென் தேவைப்பட்டது. 2023இல் ஏறக்குறைய 105 ரிங்கிட் 90 சென். 2024இல் ஏறக்குறைய 107 ரிங்கிட் 80 சென். வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் ஏற்றம் நிற்கவில்லை. ஏற்கெனவே ஏறியதும் அப்படியே இருக்கிறது. “பண வீக்கம் குறைந்துள்ளது” என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர், கேட்பவரின் பையில் இருந்து போன அந்த 7 ரிங்கிட் 80 சென்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

இதே குழப்பத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவதற்கு, நம் நாட்டு விவாத வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008 ஜூன் தொடக்கத்தில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 ரிங்கிட் 92 சென்னிலிருந்து ஒரே இரவில் 2 ரிங்கிட் 70 சென்னுக்கு உயர்த்தப்பட்டது. அடுத்த மாதம், ஜூலை 15ஆம் தேதி, அன்வார் இப்ராஹிமும் அப்போதைய தகவல் அமைச்சர் அகமட் ஷாபெரி சிக்கும் எண்ணெய் விலையைப் பற்றித் தொலைக்காட்சியில் நேரடியாக விவாதித்தார்கள்; ஆட்சி இன்று மாறினால் நாளை எண்ணெய் விலை குறையும் என்ற பொருளில் தலைப்பு அமைந்திருந்தது. அந்த மாதத்தின் பண வீக்கம் 8.5 விழுக்காடு. சரியாக ஓராண்டு கழித்து, 2009 ஜூலையில், அதே எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய் எதிர்மறை 2.4 விழுக்காடாக நின்றது.

ஆட்சியும் மாறவில்லை, அதிசயமும் நடக்கவில்லை. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்ததால் 2008 டிசம்பரில் பெட்ரோல் 1 ரிங்கிட் 80 சென்னுக்கு இறங்கியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது 2008 ஜூலையின் 2 ரிங்கிட் 70 சென் என்ற உயரமான எண் எதிரே நின்றதால், பண வீக்கம் எதிர்மறையாகக் காட்டியது. ஆனால் பெட்ரோல் விலை ஏறியதைக் காரணம் காட்டி ஏற்றப்பட்ட சாப்பாட்டுக் கடை விலைகள், பெட்ரோல் இறங்கியபோது கூடவே இறங்கிவிடவில்லை. சம்பளமும் வாடகையும் மற்ற செலவும் புதிய விலைக்குப் பழகிவிட்டால், அது கீழே இறங்குவது அரிது. ஒரு மாதத்தின் பண வீக்க எண்ணை யாராவது வெற்றிக் கொடியாக உயர்த்தினால், “எந்த மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள், அந்த ஒரு கேள்வியிலேயே பல கொடிகள் இறங்கிவிடும்.

நாணய மாற்றுக் கடைப் பலகை

பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையிலோ, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதியிலோ ஒரு நாணய மாற்றுக் கடையின் முன் நின்று அந்தப் பலகையைச் சற்று கவனியுங்கள். அமெரிக்க டாலருக்கும் சிங்கப்பூர் டாலருக்கும் எதிரே 1 என்று எழுதியிருக்கும். ஜப்பானிய யென், இந்திய ரூபாய், தாய்லாந்து பாட் ஆகியவற்றுக்கு எதிரே 100 என்று இருக்கும். இந்தோனேசிய ரூப்பியாவுக்கு லட்சக் கணக்கில் இருக்கும். வாங்கும் விலை ஒரு நிரல், விற்கும் விலை ஒரு நிரல். ஒரு ரிங்கிட்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட யென் கிடைக்கிறது. அதற்காக ஜப்பான் நம்மைவிட ஏழை நாடு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு நாணயத்தின் அலகு எவ்வளவு பெரியது என்பதற்கும் நாட்டின் செல்வத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அந்த அலகின் மதிப்பு காலப்போக்கில் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

“முன்னே சிங்கப்பூர் டாலரும் நம் பணமும் ஒன்றாகத்தானே இருந்தன?” என்ற கேள்விக்கு இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி தவறாமல் வரும், பெரும்பாலும் மூத்த உறுப்பினர் ஒருவரிடமிருந்து வரும். அவர் சொல்வது உண்மை. 1967 முதல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளின் நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றத்தக்கவையாக இருந்தன. 1973 மே மாதத்தில் மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. இன்று ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. “அலகு முக்கியமில்லை ஐயா” என்று சொல்லி இதைத் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் இங்கே அவர் பேசுவது ஐம்பது ஆண்டு நகர்வைப் பற்றி. அதில் நியாயம் இருக்கிறது. சிங்கப்பூர் 1981 முதல் வட்டி விகிதத்துக்குப் பதிலாக நாணய மதிப்பையே தன் முதன்மைக் கொள்கைக் கருவியாக வைத்து, அதைப் படிப்படியாக உயரவிட்டுவந்தது. உயர்ந்த நாணயத்தைத் தாங்கும் அளவுக்கு உற்பத்தித் திறனையும் வளர்த்துக்கொண்டது. எனவே இந்தக் கேள்விக்கான நேர்மையான பதில், ரிங்கிட்டை உயர்த்துவோம் என்பதைக் காட்டிலும், ஊதியம் உயரத்தக்க தொழில்களை எப்படிக் கொண்டுவரப்போகிறோம் என்பதாகத்தான் இருக்க முடியும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் வரலாறு தெரிந்த பினாங்குப் பேராளர்களிடம் அதை விளக்குவது கடினமல்ல.

அடுத்த தவறான புரிதல், ரிங்கிட் சரிந்தால் அதே அளவுக்கு விலை ஏறும், ரிங்கிட் உயர்ந்தால் அதே அளவுக்கு விலை இறங்கும் என்பது. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4.80 வரை சரிந்தது. 1998க்குப் பிறகு அவ்வளவு தாழ்வை அது கண்டதில்லை. அந்த மாதத்தின் பண வீக்கம் 1.8 விழுக்காடு மட்டுமே. சரிவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று வட்டி இடைவெளி: அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி அப்போது 5.25 முதல் 5.50 விழுக்காடு, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆர் 3 விழுக்காடு. பணம் வட்டி கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குப் போனது. விலை அந்த அளவுக்கு ஏறாததற்குக் காரணம், பெட்ரோல் போன்ற முக்கியப் பொருள்களின் விலையை அரசாங்கம் உதவித்தொகை கொடுத்துப் பிடித்து வைத்திருந்தது. அதாவது சரிவின் ஒரு பகுதி கடை ரசீதில் தெரியாமல் அரசாங்கக் கணக்கில் ஏறியது. அந்தக் கணக்கை ஒருநாள் தீர்க்க வேண்டும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு உயர்ந்தது அதன் ஒரு பகுதிதான்.

மறுபக்கம், ரிங்கிட் உயர்ந்தபின் ரொட்டி சானாய் ஏன் மலிவாகவில்லை என்பார்கள். மேடையிலேயே போட்டுக் காட்டக்கூடிய கணக்கு இது. ஒரு ரொட்டி சானாய் 1 ரிங்கிட் 50 சென் என்றும், அதில் கோதுமை மாவு போன்ற இறக்குமதிச் சரக்கின் பங்கு 30 சென் என்றும் கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்வோம். ரிங்கிட் 10 விழுக்காடு உயர்ந்து, அதன் முழுப் பலனும் கடைக்காரருக்கு வந்து சேர்ந்தாலும், மிச்சம் 3 சென் மட்டுமே. மீதி 1 ரிங்கிட் 20 சென்னில் இருப்பது ரொட்டி போடுபவரின் சம்பளம், கடை வாடகை, மின்சாரம், எரிவாயு, முதலாளியின் லாபம். இவற்றுக்கு டாலரைப் பற்றிக் கவலை இல்லை. மூன்று சென்னைக் குறைத்து விலைப்பலகையை மாற்றி எழுதும் கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வெங்காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் முதல் 2024 மே தொடக்கம் வரை இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்தது. அந்த மாதங்களில் நம் சமையலறைகளில் ஏற்பட்ட நெருக்கடிக்கு அடிப்படை நாசிக் விளைச்சலும் புதுடில்லியின் முடிவும்தான். பேங்க் நெகாரா எந்த வட்டியை வைத்திருந்தாலும் அதை மாற்றியிருக்க முடியாது. ஒரு பொருளின் தட்டுப்பாட்டையும் பொதுவான பண வீக்கத்தையும் ஒன்றாகப் பேசுபவர் எதிரே இருந்தால், இந்த எடுத்துக்காட்டு ஒன்றே போதும்.

“மறுபடி 3.80க்கே கட்டிவிட வேண்டியதுதானே?”

கைதட்டல் வாங்குவதற்கு இதைவிட எளிய வசனம் கிடையாது. அதனாலேயே எதிரே இருப்பவர் இதைச் சொல்ல வாய்ப்பு அதிகம். 1998 செப்டம்பர் 2ஆம் தேதி ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தப்பட்டது உண்மை. 2005 ஜூலை 21 வரை அது நீடித்ததும் உண்மை. ஆனால் அதற்கு முந்தைய நாள், அதாவது செப்டம்பர் 1ஆம் தேதி, மூலதனக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டன என்பதை இந்த வசனத்தைச் சொல்பவர்கள் சொல்வதில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் தங்கள் பங்குகளை விற்ற பணத்தை ஓராண்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல முடியாதபடி தடுக்கப்பட்டது. நாட்டுக்கு வெளியே ரிங்கிட் வணிகம் முடக்கப்பட்டது.

நிலையான மாற்று விகிதம், எல்லை தாண்டித் தடையின்றி ஓடும் மூலதனம், நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் வட்டி விகிதம் ஆகிய மூன்றில் ஒரு நாடு இரண்டை மட்டுமே ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியும். 1998இல் மலேசியா இரண்டாவதை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டது. நெருக்கடியின் நடுவே அது பயன் தந்தது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. மேடையில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: “சகோதரர் எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்? வெளிநாட்டு முதலீட்டையா, அல்லது வீட்டுக் கடன் வட்டியை நம் பொருளாதாரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் உரிமையையா?” கேட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிடுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இப்போது அவருடையது.

பணம் அச்சடிப்பதும் தங்கமும்

அரசாங்கம் பணத்தை அச்சடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பவரும் உண்டு. அச்சடித்ததால்தான் எல்லா விலையும் ஏறியது என்று சொல்பவரும் உண்டு. முதலாமவருக்கு நம் மண்ணின் பதிலே இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வெளியிடப்பட்ட, வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டு நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் கட்டுக்கட்டாகப் புழங்கியது. சரக்கு இல்லாத ஊரில் நோட்டு மட்டும் பெருகியதால் 1945இல் அது வெறும் காகிதமாயிற்று. இரண்டாமவருக்குப் பதில் சற்று நுணுக்கமானது. இன்று புழங்கும் பணத்தில் நோட்டும் நாணயமும் சிறு பகுதியே. பெரும்பகுதி, வங்கிகள் கடன் கொடுக்கும்போது கணக்கில் உருவாகும் பணம். குறைந்த வருமானத்தினருக்கு அரசாங்கம் தரும் ரஹ்மா உதவித்தொகை போன்றவை அரசாங்கத்தின் வரி வருவாயிலிருந்தும் கடனிலிருந்தும் வருகின்றன. அவற்றை அச்சகத்தோடு முடிச்சுப்போடுவது தவறு.

இந்த விஷயத்தில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் 2011ஆம் ஆண்டு விவாதங்களிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 2010 நவம்பரில் அமெரிக்க மத்திய வங்கி புதிதாக உருவாக்கிய பணத்தில் 60,000 கோடி டாலருக்குக் கடன்பத்திரங்களை வாங்கப் போவதாக அறிவித்தது. மேலும் பணம் அச்சடிப்பது ஏறக்குறைய தேசத்துரோகம் என்று டெக்சஸ் ஆளுநர் ரிக் பெர்ரி முழங்கினார். விலைகள் பறந்துவிடும் என்று எச்சரித்தவர்கள் பலர். ஆனால் 2013இல் அந்நாட்டின் பண வீக்கம் ஏறக்குறைய 1.5 விழுக்காடுதான். வங்கிகளின் கையிருப்பில் பணம் தேங்கியது. கடன் வாங்கிச் செலவு செய்ய மக்களும் தொழில்களும் தயாராக இல்லை. 2022 ஜூனில் அதே நாட்டில் பண வீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டபோது நிலைமை வேறு: நிவாரணப் பணம் நேராக மக்கள் கைக்குப் போனது, சரக்கு வரத்து தடைபட்டிருந்தது, போர் எண்ணெய் விலையை ஏற்றியிருந்தது. பணத்தின் அளவோடு, அது யார் கைக்குப் போகிறது, வாங்குவதற்குச் சரக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்தால்தான் விலையைப் புரிந்துகொள்ள முடியும்.

அதே 2011 செப்டம்பரில், கலிபோர்னியாவில் ரேகன் நூலகத்தில் நடந்த விவாதத்தில், போட்டியாளர்களில் ஒருவரான ரோன் பால் சொன்ன ஒரு கூற்று இன்றும் சுற்றிவருகிறது. வெள்ளி உலோகத்தால் ஆன பழைய பத்து சென்ட் நாணயம் ஒன்று இருந்தால் இன்றும் ஒரு கேலன் பெட்ரோல் வாங்கலாம் என்றார் அவர். கேட்பவர் மனத்தில் உடனே பதியும் அழகான வாக்கியம். விவாத நுட்பம் என்ற அளவில் அதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். 1964 வரை அந்த நாணயத்தில் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. 2011இல் வெள்ளி விலை உச்சத்தில் இருந்ததால் கணக்கும் ஓரளவு பொருந்தியது. வெள்ளி விலை சரிந்த 2014இன் நடுப்பகுதியில் அதே நாணயத்தால் அரை கேலன் கூட வாங்க முடிந்திருக்காது. பழைய பணம் மதிப்பு மாறாமல் இருந்தது என்பதை அந்த நாணயம் நிரூபிக்கவில்லை. அதில் இருந்த உலோகத்தின் விலை ஏறி இறங்குகிறது என்பதைத்தான் காட்டியது. அடியிலுள்ள குறை வேறு: 1964இல் அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1.25 டாலர், ஒரு கேலன் பெட்ரோல் ஏறக்குறைய 30 சென்ட். ஒரு மணி நேர உழைப்புக்கு நான்கு கேலன். 2011இல் 7.25 டாலர் ஊதியத்துக்கு ஏறக்குறைய இரண்டு கேலன்தான். ஊதியம் பின்தங்கியதே அங்கே பேச வேண்டிய பொருள்.

நம் மேடையில் இது தங்கத்தின் உருவத்தில் வரும். தாலியும் வளையலும் சேமிப்பாக இருக்கும் குடும்பங்களில், ரிங்கிட்டைத் தங்கத்தோடு கட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். தங்கத்தைச் சேமிப்பாக வைத்திருப்பது நல்லதா என்பது தனிக் கேள்வி. நாட்டின் நாணயத்தை அதோடு கட்டினால், உலகச் சந்தையில் தங்கம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நம் சம்பளமும் கடனும் கடை விலையும் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அமெரிக்காவே 1971 ஆகஸ்ட் 15ஆம் தேதி டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டை அவிழ்த்தது, அதைத் தாங்க முடியாமல்தான்.

“அந்தக் கணக்குப் போட்டவங்க சந்தைக்கே போறதில்லையா?”

புள்ளிவிவரத்தை நம்பாதவருக்குப் பதில் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒத்திகையில் இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். பட்டர்வொர்த்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பேராளர் எழுந்து இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“தம்பி, பண வீக்கம் ரெண்டு விழுக்காடுகூட இல்லன்னு சொல்றாங்க. எங்க வீட்டுச் சாமான் செலவு அப்படியா ஏறியிருக்கு? அந்தக் கணக்குப் போட்டவங்க சந்தைக்கே போறதில்லையா?”

“அக்கா, உங்க கணக்கு சரிதான். அவங்க போடுறது நாட்டுல எல்லாரோட செலவுக்கும் சேர்த்த சராசரி. அதுல சாப்பாட்டுப் பங்கு முப்பது விழுக்காடுக்குக் கொஞ்சம் கம்மி. வாடகை, போன், போக்குவரத்து எல்லாம் மீதியில வருது. சம்பளத்துல பாதி சாப்பாட்டுக்கே போற வீட்டுக்கு அந்தச் சராசரி பொருந்தாது. 2022ல மொத்தக் கணக்கு 3.3 காட்டுச்சு, சாப்பாடு மட்டும் 5.8. நீங்க பார்த்தது அந்த 5.8. நான் இந்தப் பொறுப்புக்கு வந்தா, நம்ம தொகுதிக் கூட்டத்துல ஒவ்வொரு மாசமும் சாப்பாட்டு விலைக் கணக்கத் தனியா வைப்பேன், மலிவு விலை ரஹ்மா விற்பனை நம்ம பக்கம் எத்தனை தடவ வந்துச்சுன்னும் சொல்வேன்.”

இந்தப் பதில் ஏன் நிற்கிறது என்று பாருங்கள். அக்காவின் அனுபவம் முதல் வாக்கியத்திலேயே ஏற்கப்பட்டுவிட்டது. புள்ளிவிவரத் துறை பொய் சொல்கிறது என்ற குற்றச்சாட்டை, யாரையும் புண்படுத்தாமல் பதில் விலக்கிவிட்டது. கொடுத்த வாக்கும் ஒரு தொகுதிப் பொறுப்பாளரின் கைக்கு எட்டக்கூடியது. ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் ஆக்குவேன், பெட்ரோலை 1 ரிங்கிட் 50 சென்னுக்குக் கொண்டுவருவேன் என்றெல்லாம் ஒரு தொகுதித் துணைத் தலைவர் வாக்குக் கொடுப்பதைக் கேட்டுப் பேராளர்கள் சிரிக்காமல் இருப்பது மரியாதைக்காகத்தான். அதே குடியரசுக் கட்சிப் போட்டியில், 2011இல் மிஷெல் பாக்மன் ஒரு கேலன் பெட்ரோலை 2 டாலருக்குக் கீழே கொண்டுவருவதாக வாக்களித்தார். அடுத்த ஆண்டு நியூட் கிங்ரிச் 2.50 டாலர் என்றார். உலகச் சந்தை விலையை வாக்குறுதியாக விற்ற இருவரும் கட்சியின் வேட்பாளராகவில்லை.

நேரமும் குறிப்பு அட்டையும்

ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால், முதல் இருபது வினாடிகளைக் குறையை ஏற்பதற்கும், அடுத்த ஒரு நிமிடத்தை ஒரே ஒரு விளக்கத்துக்கும், மீதியை நீங்கள் செய்யப்போகும் ஒன்றுக்கும் ஒதுக்குங்கள். மறுமொழிக்குக் கிடைக்கும் முப்பது வினாடியில் புதிய விளக்கம் எதையும் தொடங்காதீர்கள். கேள்வி ஒன்றைத் திருப்பிப் போட்டால் போதும். ஒரு பதிலில் ஓர் எண், அல்லது ஒப்பிடுவதற்கு இரண்டு. அதற்கு மேல் சொன்னால் கேட்பவருக்கும் நினைவிருக்காது, உங்களுக்கும் இருக்காது. 2011 நவம்பரில் ரிக் பெர்ரி, தாம் மூடப்போகும் மூன்று அரசாங்கத் துறைகளைப் பட்டியலிடத் தொடங்கி, மூன்றாவது பெயர் நினைவுக்கு வராமல் மேடையிலேயே தவித்தார். அவருடைய அந்தப் போட்டியில் மக்கள் மனத்தில் தங்கியது அந்தத் தவிப்புதான். “மூன்று காரணங்கள் உள்ளன” என்று தொடங்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

ஒத்திகைக்குப் பொருளாதாரம் படித்த நண்பர்களை மட்டும் அழைக்க வேண்டாம். அவர்கள் உங்கள் எண்களைத் திருத்துவார்களே தவிர, உங்கள் தொனியைத் திருத்த மாட்டார்கள். மளிகைக் கடை வைத்திருப்பவர், வேன் ஓட்டுபவர், ஓய்வூதியத்தில் வாழும் ஒரு மாமா என இவர்களை உட்காரவைத்து, விடாமல் இடைமறித்துக் கேட்கச் சொல்லுங்கள். மலாய்மொழியில் கேள்வி வந்தால் மலாயிலேயே இதே விளக்கத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பல இனக் கட்சிகளின் மேடையில் இது தவிர்க்க முடியாதது, தமிழில் மட்டும் ஒத்திகை பார்த்தவர்கள் அங்கே தடுமாறுவதுண்டு.

கடைசியாக, எண்களின் தேதி. பேங்க் நெகாராவின் நாணயக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடி ஓபிஆர் விகிதத்தை முடிவு செய்கிறது. 2023 மே முதல் 3 விழுக்காடாக இருந்த அது, 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய எண்ணை மேடையில் சொன்னவரை எதிரே இருப்பவர் கைப்பேசியைத் தட்டியே மடக்கிவிடலாம். புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தின் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. விவாத நாளன்று காலையில் இரண்டையும் சரிபார்த்து, குறிப்பு அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, பக்கத்திலேயே அது எந்த மாதத்துக்குரியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொல்லும்போது மாதத்தையும் ஆண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தத் துண்டுக் காணொளி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும்போது, நீங்கள் தவறான எண்ணைச் சொன்னதாக யாரும் காட்ட முடியாது.